முப்பத்தேழு, முப்பத்தெட்டு

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'கவர் அக்கா' என்றால்தான் லிஃப்ட் ஓட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். பதினெட்டு வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்தவள், கடைசி இரண்டரை வருடமாக ஆராய்ச்சி வேலை மட்டும் பார்த்தாள். இதய அறுவைக்குச் சேர்ந்திருப்பவர்களிடம் விஷயத்தைச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். அறுவை நாளன்று காலையில் அவர்களுக்குரிய ஒட்டிய கவரைத் தியேட்டர் வாசலில் மயக்க டாக்டரிடம் கொடுக்க வேண்டும். அதன்பிறகு ஏழு நாள், அவர்கள் எப்படி மூச்சு விடுகிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். கவருக்குள் என்ன இருந்தது என்பது அவளுக்குத் தெரியக் கூடாது. ஆராய்ச்சியே அந்த ஏற்பாட்டின் மேல்தான் நின்றது.

இதய அறுவையின்போது இதயத்தை நிறுத்திவிடுவார்கள். ரத்தத்தை ஓட்டுகிற வேலையையும் அதற்குக் காற்றூட்டுகிற வேலையையும் பக்கத்தில் நிற்கும் ஓர் இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். அந்த இரண்டு மூன்று மணி நேரம் நுரையீரலுக்கு வேலை கிடையாது. காற்றுப் போன பலூனைப் போலச் சுருங்கிக் கிடக்கும். பிறகு மறுபடியும் ரத்தம் பாயும்போது சிலருக்கு அது சிவந்து வீங்கி நீர் கோத்துக்கொள்ளும். இதயம் பிழைத்து, நுரையீரல் கெட்டுச் செத்துப்போகிறவர்கள் உண்டு. மயக்க மருந்தை நரம்பில் ஊசியாக ஏற்றாமல் வாயுவாகக் கொடுத்தால், இயந்திரம் ஓடும் நேரத்திலும் நிறுத்தாமல் கொடுத்தால், நுரையீரல் அவ்வளவு கெடாது என்று சிலர் சொன்னார்கள். அதெல்லாம் வெறும் பேச்சு, இரண்டும் ஒன்றுதான் என்று வேறு சிலர் சொன்னார்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் நூற்று அறுபது கவர்கள். எண்பதில் 'வாயு' என்று எழுதிய அட்டை, எண்பதில் 'ஊசி' என்று எழுதிய அட்டை. கலைத்துப் போட்டு, ஒட்டி, மேலே ஒன்று முதல் நூற்று அறுபது வரை எண் போட்டு ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அறுவைப் பட்டியலில் யார் முதலில் வருகிறாரோ அவருக்கு அடுத்த எண். நடுவில் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது.

இதை ஆரம்பித்தவர் மயக்க டாக்டர். ஒல்லியான, குரல் உயராத, கவர் அக்காவின் வயதே ஆன பெண். இயந்திரத்தின் மேல் வாயு கொடுக்கிற வேப்பரைசர் பெட்டியை நின்று மாட்ட வைத்ததும் அவர்தான். அதனால் தலைமை அறுவை டாக்டர் அவருக்குக் 'காத்தம்மா' என்று பெயர் வைத்திருந்தார். முகத்துக்கு நேராகவே சொல்வார். மயக்க டாக்டர் சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார்.

கவர் அக்கா இந்த வேலைக்கு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவளுடைய அண்ணன் இதே ஆஸ்பத்திரியில், இதே மேசையில் அறுவை செய்துகொண்டவர். இரண்டு வால்வு மாற்றினார்கள். இதயம் நன்றாக ஓடியது. நுரையீரல் மட்டும் படுத்துக்கொண்டது. பதினோரு நாள் வென்டிலேட்டரில் கிடந்தார். பதினோராவது நாள் சாயங்காலம் மயக்க டாக்டர்தான் வெளியே வந்து, அண்ணி பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணியின் கையைப் பிடிக்காமல், சுற்றி வளைக்காமல் சொன்னார். "இதயம் சரியாயிடுச்சு. நுரையீரல் ஒத்துழைக்கல. எங்களால முடியல." ஆறு மாதம் கழித்து ஆராய்ச்சிக்கு ஆள் தேடினார்கள் என்று கேள்விப்பட்டதும் இவள் தானாகப் போய் நின்றாள். அண்ணன் போன காரணத்துக்கு ஒரு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள், அதைத்தான் இந்த டாக்டர் நிரூபிக்கப் பார்க்கிறார் என்று அவள் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டாள். யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை.

முதல் முப்பத்தாறு கவர்களை அவள் விதிப்படிதான் கொடுத்தாள்.

முப்பத்தேழாவதும் முப்பத்தெட்டாவதும் ஒரே நாளில் வந்தன. அன்றைக்கு இரண்டு அறுவைகள். முதல் ஆள் மாவு மில்காரர். முப்பது வருடம் மாவுத் தூசியைத் தின்று வளர்ந்த நெஞ்சு. இரண்டு வாக்கியம் பேசினால் நாலு இருமல். இரண்டாவது ஆள் ஒரு ஓவிய மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் படம் வரையக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சிகரெட் தொட்டதில்லை, தினமும் நாலு மைல் நடப்பவர். இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஒரு வாரமாகக் கிடந்து, நகமும் சதையுமாகப் பழகிவிட்டார்கள். மாஸ்டர் அவரைப் பென்சிலால் வரைந்து கொடுத்திருந்தார். "மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போட்டிருக்கலாம், வாத்தியாரே. காசா பணமா?" என்று மில்காரர் குறைப்பட்டுக்கொண்டார்.

கையெழுத்து வாங்கப் போனபோது மில்காரர் காகிதத்தைப் படிக்கவே இல்லை.

"குலுக்கல் மாதிரின்னு சொல்றீங்க. அவ்வளவுதானே?"

"ஆமாய்யா. வாயுவா, ஊசியான்னு கவர்ல என்ன வருதோ அது. ரெண்டுமே வழக்கமா குடுக்கிறதுதான். எது நுரையீரலுக்கு நல்லதுன்னு தெரியாது. அதைப் பாக்கத்தான் இது."

"எனக்குக் குலுக்கல்ல ஒரு நாளும் விழுந்ததில்ல, அம்மா. சீட்டுப் போட்டா கடைசி மாசம்தான் நமக்கு." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். மாஸ்டர்தான் எழுந்து வந்து முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அந்த இருமலை அவள் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போனாள். அண்ணனுக்கும் இதே மாதிரிதான் இருமல். இதே மாதிரிதான் கம்பியைப் பிடித்துக் குனிவார்.

மறுநாள் காலை தியேட்டருக்குப் பக்கத்து அறையில் இரண்டு கவர்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் எக்ஸ்ரே படம் பார்க்கிற பழைய வெளிச்சப் பெட்டி. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதால் அதை யாரும் தொடுவதில்லை. அவள் எழுந்து அதன் ஸ்விட்சைத் தட்டினாள். குழல் விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு வெள்ளையாக எரிந்தது. முப்பத்தேழாவது கவரை அதன் மேல் வைத்து அழுத்தினாள். கடைக்காரர் கெட்டிக் காகிதம் என்று சத்தியம் செய்து விற்ற கவர்தான். சாதாரண விளக்கில் ஒன்றும் தெரியாது என்று டாக்டரே சோதித்துப் பார்த்து வாங்கியதுதான். இந்த வெளிச்சத்தில் எழுத்து தெரிந்தது. ஊசி.

முப்பத்தெட்டு: வாயு.

மில்காரர் பெயரை முப்பத்தெட்டின் மேல் எழுதினாள். மாஸ்டர் பெயரை முப்பத்தேழின் மேல் எழுதினாள். பட்டியலில் முன்னே பின்னே ஆவது தினமும் நடப்பது. யார் கேட்கப்போகிறார்கள்? யாரும் கேட்கவில்லை. நாலு மைல் நடக்கிறவருக்கு எதைக் கொடுத்தால் என்ன, தாங்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டாள்.

மில்காரர் ஐந்தாம் நாள் வராந்தாவில் நடந்தார். ஏழாம் நாள் வீட்டுக்குப் போனார். போகும்போது இவளைக் கூப்பிட்டு, "எனக்கு விழுந்துடுச்சும்மா" என்றார். என்ன விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. உயிர் விழுந்ததைச் சொன்னார்.

மாஸ்டருக்கு இரண்டாம் நாள் ராத்திரி மூச்சுத் திணறியது. மறுபடியும் குழாய் போட்டார்கள். பத்தொன்பது நாள் வென்டிலேட்டர். பிழைத்தார். ஆனால் மூக்கில் குழாயோடுதான் வீட்டுக்குப் போனார். அவருடைய மகள் வாசலில் இவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க தினமும் வந்து பாத்துட்டுப் போனதுதான் எங்களுக்குத் தைரியம்" என்றாள். இவள் தினமும் போனது உண்மை. ஏன் போனாள் என்பது மகளுக்குத் தெரியாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வேறு ஒருத்தியாக இருந்தால் பயந்து நிறுத்தியிருப்பாள். இவளுக்கோ அது நேர்மாறாக வேலை செய்தது. வாயு கிடைத்த நோஞ்சான் நெஞ்சு எழுந்து நடந்துவிட்டது. கிடைக்காத நல்ல நெஞ்சு படுத்துவிட்டது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஒரே நாளில் இரண்டு அறுவை வருகிற போதெல்லாம் வெளிச்சப் பெட்டியின் ஸ்விட்சைத் தட்டினாள். மூச்சு இரைக்கிறவர், புகை குடித்தவர், விறகு அடுப்புப் புகையில் வெந்தவர், பஞ்சாலையில் இருந்தவர் என்று இருவரில் யார் மோசமோ அவருக்கு வாயு. சீட்டு தானாகவே அப்படி விழுந்திருந்தால் பேசாமல் விட்டுவிடுவாள். விழாத நாட்களில் பெயரை மாற்றி எழுதினாள். மொத்தம் இருபத்தாறு ஜோடி.

நோஞ்சான்கள் எல்லோரும் மில்காரர் போல எழுந்து நடக்கவில்லை. விடுதியில் சமைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நாலாம் நாள் போனாள். பஞ்சாலைக்காரர் ஒருவர் ஒன்பதாம் நாள். ஒவ்வொரு முறையும் அவள், வாயு இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம் போயிருப்பார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். யாராவது ஒரு ஆள் பிழைத்தால் அது வாயுவால். ஒரு ஆள் போனால் அது அவருடைய நெஞ்சால். அப்படி ஒரு கணக்கு மனதில் உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது கஷ்டம்.

ஆராய்ச்சி ஆரம்பித்து இரண்டரை வருடம் கழித்து முடிவைப் பார்த்தார்கள்.

மாதாந்தரக் கூட்டத்தில் மயக்க டாக்டர் ஒரே ஒரு அட்டவணையைத் திரையில் போட்டார். நுரையீரல் கெட்டவர்கள்: வாயு வாங்கியவர்களில் இருபத்து மூன்று, ஊசி வாங்கியவர்களில் பதினான்கு. இறந்தவர்கள்: வாயுப் பக்கம் ஆறு, ஊசிப் பக்கம் மூன்று. தலைமை அறுவை டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "காத்தம்மாவுக்குக் காத்து இறங்கிடுச்சு" என்றார். சிலர் சிரித்தார்கள். "பாதுகாக்கறது இருக்கட்டும், ஆளைக் கொல்லாம இருந்தாப் போதும் போல. நாளைக்கே அந்தப் பெட்டியைக் கழட்டிடுங்க."

பின் வரிசையில் உட்கார்ந்திருந்த கவர் அக்கா திரையில் இருந்த ஆறையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆறு பேரில் ஐந்து பேருக்கு வாயு எப்படிப் போனது என்று அவளுக்குத் தெரியும். அவள் பொறுக்கி எடுத்த ஐந்து பேர். மூழ்கப்போகிறவர்களாகப் பார்த்துப் பார்த்து ஒரே படகில் ஏற்றிவிட்டு, படகு கெட்டது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லவைத்தது அவள்.

மூன்று நாள் அதை மென்று முழுங்கினாள். நாலாம் நாள் மயக்க டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

டாக்டரின் அறை, அறை என்று சொல்ல முடியாத அளவு சின்னது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னலில் காய்ந்துபோன ஒரு தொட்டிச்செடி. மேசை மேல் நூற்று அறுபது பேரின் வயதும் நெஞ்சுப் பரிசோதனையும் அச்சடித்த தாள்கள்.

"புள்ளிவிவரம் பாக்கறவர் போன் பண்ணினார்" என்றார் டாக்டர். "நெஞ்சு மோசமானவங்க எல்லாம் ஒரே பக்கம் குவிஞ்சிருக்காங்களாம். அதிர்ஷ்டம் இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யாதாம். முதல் முப்பத்தாறு பேர்ல சரிசமமா இருக்கு. அதுக்கப்புறம்தான். அதுவும் ஒரு நாளைக்கு ரெண்டு கேஸ் இருந்த நாள்ல மட்டும்." தாள்களை அடுக்கி ஓரத்தைத் தட்டினார். "சிஸ்டர், நான் ஒண்ணு கேக்கறேன். தியேட்டர் பக்கத்து ரூம்ல அந்த எக்ஸ்ரே லைட் இன்னும் எரியுதா?"

பொய் சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தாள். வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை.

"எரியுது டாக்டர்."

"எத்தனை?"

"இருபத்தாறு ஜோடி."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் இவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"பாவமா இருந்துச்சு டாக்டர். எங்க அண்ணன் மாதிரியே மூச்சு வாங்கிட்டு வர்றாங்க. கையில மருந்து இருக்கு. அதை நாலு மைல் நடக்கிற ஆளுக்குக் குடுத்துட்டு இவங்களை விட்டுடறதா? எங்க அண்ணனுக்கு மட்டும் அன்னிக்கு இந்த வாயு கிடைச்சிருந்தா..."

"கிடைச்சுது."

இவளுக்குப் புரியவில்லை.

"உங்க அண்ணனுக்கு அன்னிக்குக் குடுத்தது வாயுதான். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும். மெஷின்ல அந்தப் பெட்டியை மாட்டி நான் குடுத்த முதல் ஆளே அவர்தான். அப்ப நானும் உங்களை மாதிரிதான், முழுசா நம்பினேன். நெஞ்சு மோசமா இருக்கு, இவருக்குத்தான் முதல்ல குடுக்கணும்னு ஆசையா குடுத்தேன். பதினோராம் நாள் வெளிய வந்து உங்க அண்ணிகிட்டச் சொன்னேன்." டாக்டரின் குரல் அப்போதும் உயரவில்லை. "இது காப்பாத்துதா, ஒண்ணும் பண்ணலையா, இல்ல கெடுக்குதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்னு அன்னிக்கு நினைச்சேன். அதுக்குத்தான் சிஸ்டர் இது. நிரூபிக்கறதுக்கு இல்ல. தெரிஞ்சுக்கறதுக்கு."

"என்கிட்டச் சொல்லலையே டாக்டர்."

"நீங்க கேக்கலையே." டாக்டரே தொடர்ந்தார்: "சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு. தங்கச்சிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தள்ளிப் போட்டேன். மனசு நல்ல ஆளுன்னு நம்பிப் பெட்டியை உங்ககிட்டக் குடுத்தேன். கொஞ்சம் கல்லு மனசுக்காரங்களாப் பாத்துக் குடுத்திருக்கலாம்."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"எழுதிக் குடுக்கப் போறேன். வேற என்ன பண்றது?"

எழுதிக் கொடுத்தார். விசாரணைக் குழு மூன்று முறை கூடியது. நூற்று அறுபது பேரின் முடிவும் செல்லாது என்றார்கள். வாயு நுரையீரலைக் காக்கிறது என்றும் சொல்ல முடியாது, காக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டரை வருடத்துக்கு முன்னால் என்ன தெரியுமோ அதுதான் இப்போதும் தெரியும். கவர் அக்காவை ராஜினாமா எழுதித் தரச் சொன்னார்கள், தந்தாள். மயக்க டாக்டர் மூன்று வருடத்துக்கு எந்த ஆராய்ச்சியும் செய்யக் கூடாது. இதயப் பிரிவிலிருந்து கண் அறுவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பெரும்பாலும் ஆளை மயக்கவே வேண்டியதில்லை. இதய இயந்திரத்தின் மேல் இருந்த பெட்டியைக் கழற்றி ஸ்டோரில் போட்டார்கள்.

நோயாளிகளுக்குச் சொல்ல வேண்டுமா என்றும் குழு பேசியது. இரண்டுமே வழக்கமான மருந்துதான், யாருக்கும் தப்பான சிகிச்சை நடக்கவில்லை, ஆகவே சொல்ல வேண்டியதில்லை என்று முடிவு செய்தது. இதைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது என்று இவளிடம் தனியாகவும் சொன்னார்கள்.

வீட்டில் அண்ணியிடம் மட்டும் சொன்னாள். அண்ணன் போன பிறகு அண்ணி இவளோடுதான் இருக்கிறாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வீடு, ஒரு சமையல். அண்ணி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடிக்கும் வரை மடிப்பதை நிறுத்தவில்லை.

"எல்லாம் அண்ணனை நினைச்சுத்தான் அண்ணி பண்ணேன்."

"அவரை இதுல இழுக்காதே." மடித்த சட்டையைப் பிரித்து அண்ணி மறுபடியும் மடித்தாள். "அவர் பேரைச் சொல்லி நீ யாருக்கும் ஒண்ணும் பண்ண வேண்டாம். கையெழுத்துப் போட்டது நான். உள்ள என்ன குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது, தெரியணும்னு நான் கேக்கவும் இல்ல. எல்லாருக்கும் போல அவருக்கும் நியாயமாப் பாப்பாங்கன்னு நம்பித்தான் வெளிய உக்காந்திருந்தேன். உன் கையில வந்தவங்க வீட்டு ஆளுங்களும் அப்படித்தானே உக்காந்திருந்திருப்பாங்க?"

அண்ணி எழுந்து சாப்பாட்டைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். இவள் சாப்பிடவில்லை.

ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாஸ்டர் வீட்டு முகவரியைத் தேடிக்கொண்டு போனாள்.

மூன்றாவது மாடி. படி ஏறும்போதே, இந்தப் படியை அவர் எப்படி இறங்குவார் என்று தோன்றியது. இறங்குவதில்லை என்று பிறகு தெரிந்தது. மகள் கதவைத் திறந்து, அடையாளம் தெரிந்ததும், "அப்பா, யார் வந்திருக்காங்க பாருங்க!" என்று உள்ளே கத்தினாள். மாஸ்டர் ஜன்னல் ஓரத்தில் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஆக்ஸிஜன் இயந்திரம் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. சட்டை இரண்டு அளவு பெரிதாகத் தொங்கியது. முட்டி மேல் அட்டை, அதில் ஏதோ கோடுகள். கையை நீட்டி உட்காரச் சொன்னார்.

தண்ணீர் கொண்டுவந்து வைத்ததைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். முப்பத்தேழு, முப்பத்தெட்டு, வெளிச்சப் பெட்டி, மில்காரரின் இருமல். சுருக்கிச் சொல்லவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் சொல்வது மட்டும்தான் அவளால் செய்ய முடிந்தது.

மகள் முதலில் புரிந்துகொள்ளாமல் சிரித்த முகத்தோடே நின்றாள். பிறகு முகம் மாறியது.

"அப்ப அப்பாவுக்கு வர வேண்டியதுதான் அந்த வாயு."

"ஆமா."

"அது வந்திருந்தா அப்பா நல்லா இருந்திருப்பாரா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா? அந்த மில்காரர் நல்லாத்தானே இருக்கார். போன மாசம்கூட வந்துட்டுப் போனார். மூணு மாடி ஏறி வந்தார்!"

"அவர் அதனாலதான் நல்லா இருக்கார்னும் சொல்ல முடியாது. அதே வாயு வாங்கி ஆறு பேர் போயிட்டாங்க. நிஜமாவே தெரியாதும்மா. தெரிஞ்சிருக்க வேண்டியது. அதைத் தெரிய விடாமப் பண்ணினது நான்தான்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். மாஸ்டர் பென்சிலை அட்டை மேல் வைத்துவிட்டு மூச்சைச் சேர்த்துக்கொண்டார். அவருக்கு இப்போதெல்லாம் பேசுவதற்கு முன்னால் ஒரு இடைவெளி வேண்டியிருக்கிறது.

"மில்காரன் கேட்டானா உங்களை?"

"இல்லைய்யா."

"நான் கேட்டேனா?"

"இல்லை."

மூச்சு. "பின்ன உங்களை யார் கேட்டா?"

"யாரும் கேக்கலைய்யா."

"என்னைப் பாத்து, இவன் தாங்குவான்னு நினைச்சீங்க." மூச்சு. "அது எனக்குப் பெருமையா?" அவர் சிரிக்க முயன்றாரா, இருமினாரா தெரியவில்லை. "கையெழுத்து வாங்கறப்ப நீங்கதானே சொன்னீங்க. எது வருதோ அது. அதுக்குத்தான்" மூச்சு "நான் ஒத்துக்கிட்டேன். எது வந்தாலும் சரின்னு. நீங்க முடிவு பண்றதுக்கு இல்ல."

"மன்னிச்சிடுங்கன்னு கேக்க வரலைய்யா. சொல்லணும்னுதான் வந்தேன்."

"சொல்லிட்டீங்க." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கையைக் கூப்பவில்லை, போகவும் சொல்லவில்லை. "மில்காரன்கிட்டச் சொல்லிடாதீங்க. அவன் வர்றதை நிறுத்திடுவான். என்னைப் பாக்க வர்றது அவன் ஒருத்தன்தான்."

அவள் எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு மாடி இறங்கியிருப்பாள், பின்னால் தடதடவென்று மகள் இறங்கி வந்தாள். கையில் ஒரு நோட்டும் பேனாவும். அழுதிருந்தாள், ஆனால் குரல் தெளிவாக இருந்தது. அவள் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மனுக்களைச் சரிபார்க்கிற வேலையில் இருப்பவள்.

"மேல சொன்னதை எல்லாம் எழுதிக் குடுங்க."

"இப்பவா?"

"இப்பவே. நாளைக்கு நீங்க வருவீங்களான்னு எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லவே கூடாதுன்னு சொன்னாங்கன்னு சொன்னீங்க இல்ல? அதையும் சேத்து எழுதுங்க. அந்த மெஷின் வாடகை மாசா மாசம் நான்தான் கட்டறேன். அப்பா பெரிய மனசு பண்ணிக்கலாம். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்ல."

கவர் அக்கா படியிலேயே உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் வைத்து எழுதினாள். ஒன்றரைப் பக்கம் வந்தது. மேல் மாடியிலிருந்து யாரோ காய்கறிப் பையோடு இறங்கி வந்து, வழி விடச் சொல்லி, இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். எழுதி முடித்ததும் கீழே தன் முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டாள். அந்தப் பெயரை எழுதி எத்தனையோ நாளாகியிருந்தது.

மகள் வாங்கி நின்றபடியே படித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்து, "இந்த ரூம் எந்த மாடி? எழுதுங்க" என்றாள். எழுதினாள். மறுபடியும் முதலிலிருந்து கடைசி வரை படித்தாள்.

"தேதி போடலையே" என்று நோட்டைத் திருப்பி நீட்டினாள்.

அவள் தேதியைப் போட்டாள்.